ஓடும் சொல்லை எண்ணுவது

'ரன்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 645 பொருள் என்கிறது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. திருத்தப் பதிப்புக்காக அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிய ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 2011-இல் இந்த எண் செய்தியாகப் பரவியது. அதற்கு முன் நெடுங்காலம் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற பெருமை 'செட்' என்ற சொல்லிடம் இருந்தது. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். விளக்கமும் மேற்கோள்களுமாக 60,000 சொற்கள். ஒரு நாவலே அடங்கிவிடும்.

இந்த எண்கள் பொது அறிவுத் துணுக்குகளாக உலவுகின்றன. "ஆங்கிலம் எவ்வளவு வளமான மொழி, பார்" என்று சொல்லி முடிப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு அந்த எண்ணைவிட, அதைப் பிறப்பித்த வழக்கம்தான் முக்கியம். ஒரு சொல்லின் பயன்பாடுகளைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து அடுக்குகிற வழக்கம் அது. பள்ளிப் பிள்ளையின் பையில் இருக்கும் கையடக்க அகராதி முதல் ஆக்ஸ்போர்டின் பெருந்தொகுதிகள் வரை எல்லாவற்றுக்கும் அதுவே முதுகெலும்பு. அது எதற்காக உண்டானது, எங்கே நமக்குத் துணை நிற்கிறது, எங்கே வழிதவற விடுகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

முதலில், அந்த 645 எப்படி வந்தது? லண்டனில் இருந்த மொழியியல் கழகம் 1857-இல் ஒரு புதிய அகராதிக்கான பேச்சைத் தொடங்கியது. அகராதி செய்கிறவன் சொற்களுக்கு நல்லது கெட்டது சொல்லும் நீதிபதி அல்ல, அவற்றின் வரலாற்றை எழுதுகிறவன் என்ற எண்ணம் அங்கே வேர்கொண்டது. ஆங்கில நூல்களைப் படித்து, ஒரு சொல் எங்கே எப்படி வந்திருக்கிறது என்று வாக்கியத்தோடு எழுதி அனுப்பும்படி பொதுமக்களை வேண்டிக்கொண்டார்கள். ஒரு சிறு சீட்டு. இடது மூலையில் சொல், கீழே ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், பிறகு அந்த வாக்கியம். இலட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து குவிந்தன. ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றைப் போட்டு, சுவர் நெடுகச் சிறு சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுகளில் அவற்றை அடுக்கினார். முதல் பகுதி 1884-இல் வந்தது. கடைசிப் பகுதி வந்த 1928-இல் மர்ரே உயிரோடு இல்லை, 1915-லேயே போய்விட்டார்.

பொருள் என்று நாம் சொல்வது அந்தச் சீட்டுகளிலிருந்து பிறந்ததுதான். ஒரு சொல்லுக்கு வந்த சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றுபோல இருப்பவற்றை ஒரு குவியலாகச் சேர்ப்பார்கள். குவியலுக்கு ஒரு விளக்கம் எழுதுவார்கள். குவியலுக்குள் பழைய சீட்டு முதலிலும் புதியது கடைசியிலும் நிற்கும். பிறகு குவியல்களை வரிசைப்படுத்தி எண் போடுவார்கள். ஆகவே 645 என்பது முதலாவதாகக் குவியல்களின் எண்ணிக்கை. சொல்லுக்குள் அந்த எண் எழுதப்பட்டிருக்கவில்லை, மேசையில்தான் எழுதப்பட்டது.

இதைச் சொல்வது அந்த வேலையைக் குறைத்து மதிப்பதற்காக அல்ல. ஒரு சொல்லின் வாழ்க்கையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன். 'ரன்' என்ற பதிவின் வழியே நடந்தால் ஒரு சமூகத்தின் வரலாறே கண்முன் விரிகிறது. மனிதரும் விலங்கும் காலால் ஓடுவது, நீர் ஓடுவது என்பவை மிகப் பழையவை. காற்றை வாங்கிக் கப்பல் ஓடுகிறது. கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பிறகு நீராவி வருகிறது. ஆலையில் யந்திரம் ஓடுகிறது, தண்டவாளத்தில் ரயில் ஓடுகிறது, காலையில் இத்தனை மணிக்கு என்று அட்டவணைப்படி ஓடுகிறது. கடைசியில் கணினியில் நிரல் ஓடுகிறது. 'செட்' என்பதை 'ரன்' முந்தியதற்குத் தொழிற்புரட்சியே காரணம் என்று, ஆக்ஸ்போர்டு அகராதியின் கதையை நூலாக எழுதிய சைமன் வின்செஸ்டர் சொன்னார். வைப்பதும் நிறுத்துவதும் 'செட்', இயங்குவது 'ரன்'. அசையாப் பொருள்களின் உலகம் யந்திரங்களின் உலகமாக மாறியதை ஓர் அகராதிப் பதிவின் நீளத்தில் பார்க்க முடிகிறது. எண்ணும் ஆண்டும் மேற்கோளும் இல்லையென்றால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

நமக்கும் இது வேண்டும் என்று நான் ஏங்குகிற இடம் ஒன்று உண்டு. 'கண்ணோட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதுவும் ஓட்டத்திலிருந்து பிறந்த சொல்தான். திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் பெயர் அது. அங்கே அதற்குப் பரிவு, இரக்கம் என்று பொருள். இன்றைக்கு மேடையில் ஒருவர் "என் கண்ணோட்டத்தில்" என்றால் அதில் இரக்கம் துளியும் இல்லை. பார்வைக்கோணம் என்றுதான் சொல்கிறார். இரக்கம் எப்போது வெறும் பார்வை ஆயிற்று? எந்த நூற்றாண்டில், யார் எழுத்தில் இந்தத் திருப்பம் நடந்தது? 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மாபெரும் சாதனை. பொருளுக்குப் பொருள் நூற்சான்று காட்டும். ஆனால் அந்தச் சான்றுகள் ஆண்டு வரிசையில் நிற்பதில்லை. பழைய இலக்கியச் சொற்களை வரலாற்று முறையில் தொகுக்கும் முயற்சிகள் பின்னால் நடந்திருக்கின்றன என்றாலும், அச்சுத் தமிழும் பேச்சுத் தமிழும் சேர்ந்த ஒரு முழுத்தொடர் நம் கையில் இருந்தால் 'கண்ணோட்டம்' போன்ற சொல்லின் பயணத்தை ஒரு மாணவர் ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். அந்த அளவில் மர்ரேயின் கொட்டகைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இனி எனக்கு உடன்பாடில்லாத இடங்கள்.

குவியலைப் பிரிக்கிற கத்தி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1980-களின் நடுவில் தொடங்கிய 'வேர்ட்நெட்' என்ற சொல்வலையில் 'ரன்' என்ற வினைக்கு 41 பொருள். ஒரே சொல்; ஓரிடத்தில் 645, இன்னோரிடத்தில் 41. இரண்டுமே பிழையில்லை, ஆளுக்கொரு கத்தி. சரி, 41-ஆகக் குறைத்த பிறகாவது மனிதர்கள் ஒத்துப்போகிறார்களா? ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, இதில் வருவது எத்தனையாவது பொருள் என்று கேட்டால், பயிற்சி பெற்றவர்களே ஆளுக்கொரு எண்ணைச் சொல்வது ஆய்வில் மீண்டும் மீண்டும் கண்டது. 2000-களில் 'ஆன்டோநோட்ஸ்' என்ற திட்டத்தில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். குறிப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் ஒத்துப்போகும் வரை, நெருங்கிய பொருள்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். வேலிகளைப் பிடுங்கிய பிறகுதான் வயல் தெரிந்தது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஆடம் கில்காரிஃப் 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார். சொல்லுக்குத் தனித்தனிப் பொருள்கள் உண்டு என்பதில் தமக்கு நம்பிக்கை இல்லை என்பதே அதன் தலைப்பு. அவரே அகராதித் தொழிலில் ஊறியவர் என்பதால் அந்தத் தலைப்புக்குக் கனம் அதிகம். அடிப்படையில் இருப்பவை பயன்பாடுகள். பொருள் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அவற்றை நாம் திரட்டும் திரட்டு. வேலை மாறினால் திரட்டும் மாறும். இந்த வாதத்தை எதிர்த்து எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

எண்ணை வைத்து மொழிகளின் வளத்தை ஒப்பிடுவது இதனால்தான் சறுக்குகிறது. 'ரன்' ஏன் இப்படிப் பெருத்தது என்பதற்கு இலக்கணத்திலேயே ஒரு விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுவதற்கு ஒரு வினையும், ஓடச் செய்வதற்கு இன்னொரு வினையும் தனித்தனியே இருந்தன. ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த உறவுச்சொல் ஒன்றும் வந்து கலந்தது. இடைக்காலத்தில் இவை எல்லாம் 'ரன்' என்ற ஒரே வடிவத்தில் கரைந்துபோயின. அதனால் குதிரை ஓடுவதும் 'ரன்', குதிரையை ஓட்டுவதும் 'ரன்'. தமிழ் இந்த இரண்டையும் இன்றுவரை கலக்கவில்லை. ஓடு வேறு, ஓட்டு வேறு. அகராதியில் இரண்டும் வெவ்வேறு தலைச்சொற்கள். அங்கே ஒரு கணக்கில் சேர்வது இங்கே இரண்டாகப் பிரிகிறது. அதோடு, 'ரன்' என்பதன் பின்னால் மேலே, கீழே, வெளியே என்று பொருள்படும் சிறுசொற்கள் ஒட்டி உண்டாகும் கூட்டு வினைகளும் அந்த 645-க்குள் அடக்கம்.

ஓடு, ஓட்டு இரண்டையும் சேர்த்து நம் வாயில் புழங்குவதை மட்டும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். படம் நூறு நாள் ஓடுகிறது. கடை நன்றாக ஓடுகிறது. கடிகாரம் ஓடவில்லை. மாசம் ஓடிப்போச்சு. பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யோசிக்க முடியாதவர் "ஒண்ணும் ஓடல" என்கிறார். வீட்டை விட்டுப் போய்த் திருமணம் செய்துகொண்டவர்கள் ஓடிப்போனவர்கள். ஏர் ஓட்டுகிறோம், பஸ் ஓட்டுகிறோம், வியாபாரம் இல்லாதவர் ஈ ஓட்டுகிறார். இருக்கிற சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறோம். நண்பனைக் கேலி செய்தால் "அவனை ஓட்டாதே" என்று இன்னொருவன் தடுக்கிறான். தேரோட்டம், இரத்த ஓட்டம், மன ஓட்டம், முன்னோட்டம், வெள்ளோட்டம். ஒரு கில்லிவர் ஒன்பது மாதம் உட்கார்ந்தால் இங்கேயும் குவியல்கள் உயரும். உட்கார ஆளும் சீட்டும் சம்பளமும் கிடைத்த மொழிக்கு எண் கிடைத்தது என்பதே உண்மை. வளத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை.

பலபொருள் ஒருசொல்லைத் தொகுப்பது நமக்குப் புதிதும் அல்ல. திவாகர நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் அது மனப்பாடத்துக்காகச் செய்யுளில் கட்டப்பட்டது; பொருள்களை அடுக்கிச் சொல்லும், எந்தப் பொருள் எந்தச் சூழலில் வரும் என்று சொல்லாது. நூல்களை ஆசிரியரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தச் சூழல் ஏற்கெனவே நெஞ்சில் இருந்தது. அதனால் குறை தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் என் ஆதங்கத்தின் அடி இருக்கிறது. நிகண்டின் பட்டியலும் ஆக்ஸ்போர்டின் எண்ணும் சேர்ந்து, இரண்டின் பலமும் இல்லாத ஒரு வடிவம் நம் ஆங்கில–தமிழ்க் கையகராதிகளில் குடியேறிவிட்டது. பத்தொன்பது வயதில், சிற்றூர்க் கல்லூரி நூலகத்தில் முதல்முறையாக ஓர் ஆங்கில நாவலை முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சாலை ஆற்றோரமாக 'ரன்' ஆயிற்று என்று ஒரு வாக்கியம். அகராதியைப் புரட்டினேன். ஓடு, விரைந்து செல், பாய், ஒழுகு, நடத்து, போட்டியிடு என்று காற்புள்ளி இட்டு ஆறு சொற்கள். ஒரு வாக்கியம் இல்லை, துணைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆற்றோரமாகச் சாலை விரைந்து சென்றது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தச் சாலையில் ஏதோ அவசரம் இருப்பதாக நினைத்தே அந்த அத்தியாயம் முழுவதையும் படித்தேன். எங்கள் ஊரில் யாரும் சாலை விரைகிறது என்று சொன்னதில்லை. "இந்த ரோடு எங்க போகுது?" என்றுதான் கேட்பார்கள். அந்த எளிய 'போ' பட்டியலில் இல்லை.

என் வாதம் இதுதான்: பொருள் சொல்லுக்குள் எண்போட்டுப் படுத்திருப்பதில்லை, பக்கத்தில் யார் வந்து நிற்கிறார் என்பதில் இருக்கிறது. 'ரன்' பக்கத்தில் மூக்கு வந்தால் தமிழில் ஒழுகும். துணியின் நிறம் வந்தால் சாயம் போகும். கடையோ விடுதியோ வந்து, அதைச் செய்கிற ஆளும் இருந்தால் நடத்துவார். கவனியுங்கள், தமிழில் "கடை ஓடுகிறது" என்றால் விற்பனை நன்றாக இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் கடையை ஒருவர் 'ரன்' செய்கிறார் என்பதில் அந்த நல்ல செய்தி இல்லை. காய்ச்சல் வந்தால் அடிக்கும். அரிசி வந்தால் தீர்ந்துபோகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நாடாளுமன்றத்துக்கு நிற்கிறார்கள். நம் ஊர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். கிரிக்கெட்டை மட்டும் நாம் சொல்லோடு அப்படியே வாங்கிக்கொண்டோம். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஆட்டக்காரர் ஓரடிகூட ஓடாமல் நாலு ரன் கிடைக்கிறது. தட்டிவிட்டு ஓடினால் "ரெண்டு ரன் ஓடினாங்க" என்கிறோம். ஒரே வினையின் ஆங்கிலப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அந்த வாக்கியத்தில் கைகோத்து நிற்பது எனக்கு எப்போது கேட்டாலும் மகிழ்ச்சி தருகிறது.

அண்டைச்சொல்லை வைத்துப் பொருளை அறிவது என்பதை ஆங்கில மொழியியலில் அழுத்திச் சொன்னவர் ஜே. ஆர். ஃபர்த். அதை அகராதியாக மாற்றியவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜான் சிங்க்ளேர். 1987-இல் வந்த 'கோபில்ட்' அகராதிக்காக அவருடைய குழு, மக்கள் நடப்பில் எழுதியும் பேசியும் வந்த கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்து, ஒவ்வொரு சொல்லையும் அதன் அண்டையோடு நிறுத்திப் பார்த்தது. விளக்கங்களையும் முழு வாக்கியமாகவே எழுதினார்கள். சொல் தன் துணைகளோடு விளக்கத்துக்குள்ளேயே வந்து நிற்கும். புழக்கத்தில் மிகுந்த சொற்கள் பெரும்பாலும் தம் முதற்பொருளில் வருவதே இல்லை என்பதும் அங்கே வெளிப்பட்டது. நம் 'அடி' போலத்தான். வெயில் அடிக்கிறது, போன் அடிக்கிறது, பெயின்ட் அடிக்கிறோம். அடிதடி எங்கேயும் இல்லை.

சிங்க்ளேருக்கு முன்பே, நம் துணைக்கண்டத்தின் வகுப்பறையிலிருந்து ஒருவர் இந்த வலியை உணர்ந்திருந்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் கண்டவர். 1953-இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியலில், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று குறித்தார். ஐம்பது இலட்சம் சொற்கள் கொண்ட எழுத்திலிருந்து எண்ணிய கணக்கு அது. எதை முதலில் சொல்லிக்கொடுப்பது என்று தவிக்கும் ஆசிரியருக்கு இதைவிட உதவி வேறென்ன? பழமை வரிசையில் அடுக்கிய அகராதி, வழக்கொழிந்த பொருளை முதலில் காட்டும். வெஸ்டின் பட்டியல் நாளைக் காலையில் பிள்ளைக்கு எது எதிர்ப்படுமோ அதைக் காட்டியது. அதிலும் ஒரு பழைய வடு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு அடித்தளமாக இர்விங் லோர்ஜும் எட்வர்ட் தார்ண்டைக்கும் எண்ணியது ஆக்ஸ்போர்டு வகுத்த பொருள்களை வைத்துத்தான். வேலி போட்டவர் வேறு, உள்ளே தலை எண்ணியவர் வேறு.

இன்றைய மொழிபெயர்ப்புக் கணினிகள் பொருள் எண் எதையும் பார்த்து வேலை செய்வதில்லை. சூழலையே உள்வாங்கி அடுத்த சொல்லைத் தருகின்றன. அதனால் எண்ணிட்ட அகராதிக்கு வேலை முடிந்தது என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. கணினி விடை தரும். அந்த விடைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைக் கற்பவருக்குக் காட்டாது. வரலாற்றுக்கு ஆக்ஸ்போர்டின் எண்வரிசை இருக்கட்டும். கற்பவருக்கு வேறு அகராதி வேண்டும். தமிழுக்குள்ளேயே அதற்கு முன்மாதிரி உண்டு. 1992-இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, நடப்புத் தமிழின் எழுத்துகளிலிருந்து எடுத்த சான்றுகளை வைத்து, பொருளுக்குப் பொருள் வாக்கியம் காட்டியது. அந்தக் கவனம் ஆங்கில–தமிழ் அகராதி ஒன்றுக்கு, மாணவர் வாங்கக்கூடிய விலையில், கிடைக்க வேண்டும். 'ரன்' என்று தேடினால் அங்கே எண்கள் தேவையில்லை; மூக்கு, சாயம், கடை, காய்ச்சல், பஸ், தேர்தல், சாலை என்ற வரிசையில் பிள்ளையின் விரல் போனால் போதும்.

அது வரும்வரை நானே சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் 'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நூறு சீட்டுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. மர்ரேயின் சீட்டில் தலைச்சொல் நின்ற இடது மூலையில் நான் அண்டைச்சொல்லை எழுதுகிறேன். முதலில் எழுதிய சீட்டின் மூலையில் 'சாலை' என்று இருக்கிறது. அதன் கீழே, பத்தொன்பது வயதில் தவறவிட்ட வாக்கியம்: சாலை ஆற்றை ஒட்டியே போனது.